பசியாத வரம் நிலைக்குமா?

மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்ததும் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "கிலோ என்ன விலை?" அடுத்த கேள்வி, "நேத்துப் பிடிச்சதா, இன்னிக்குப் பிடிச்சதா?" செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். விரலால் அமுக்கிப் பார்க்கிறோம். பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். எல்லாம் சரிதான். ஆனால், "இந்த மீன் எங்கிருந்து வருகிறது? என் பேத்தி சமைக்கிற காலத்திலும் வருமா?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நாம் கேட்காவிட்டாலும், நம் சார்பில் அரசாங்கம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பூமியின் உஷ்ணம் ஏறுவதால் நம் நாட்டுக் கடலுக்கு, மழைக்கு, பயிருக்கு, உடம்புக்கு என்ன நேரும் என்று நம் வரிப்பணத்தில் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. தடித்தடியான அறிக்கைகள் வெளிவந்திருக்கின்றன. ஆனால் அவை படித்தவர்கள் படிக்கிற மொழியில், படித்தவர்கள் இருக்கிற அறைகளிலேயே தங்கிவிடுகின்றன. அடுப்பங்கரைக்கு வந்து சேருவதில்லை.

அந்த அறிக்கைகளில் உள்ளதை நம் வீட்டு அளவையில் சொல்லிப் பார்க்கலாம் என்று எனக்கு ஆசை. அதற்கு வேண்டிய ஊர் சென்னைக்கு வடக்கே இருக்கிறது. அதன் பெயர் பசியாவரம்.

ஏரி நடுவே ஓர் ஊர்

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போயிருக்கிறீர்களா? 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய பழைய கல்லறைகளை இன்றும் பார்க்கலாம். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற நம்மவர்கள் அதோடு திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து தண்ணீரைத் தாண்டினால், ஏரிக்குள் தீவு போல இருக்கிறது பசியாவரம். எத்தனையோ தலைமுறையாக அந்த மக்களுக்குப் படகே பாலம். பிரசவ வலி எடுத்தாலும் படகு, பள்ளிக்கூடம் போகப் படகு, ரேஷனுக்கும் படகு! பாலம் வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. அதற்கான வேலை இந்தப் பத்தாண்டில்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது.

பழவேற்காடு ஏரி இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஒரிஸ்ஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தது இதுதான். நீளம் சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திராவில், தென்பகுதி நம் தமிழ்நாட்டில். நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலை மறித்து நிற்கிறது. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் நல்ல தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. ஓதம் ஏறும்போது ஏரி சுமார் 450 சதுர கிலோமீட்டர் விரிந்து நிற்கும். இறங்கும்போது 250 ஆகச் சுருங்கிவிடும். இத்தனை பெரிய ஏரியின் சராசரி ஆழம் எவ்வளவு தெரியுமா? ஒரு மீட்டர் அளவுதான். நம் இடுப்பளவு!

அந்த இடுப்பளவுத் தண்ணீர்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. இறால், களிநண்டு, மடவை, கொடுவா, கெளுத்தி, கிழங்கான் என்று எத்தனை வகை! ஊரின் பெயரைப் பிரித்துப் பார்த்தேன். பசியா வரம்! பெயர்க் காரணம் வேறு எதுவாகவும் இருக்கட்டும், பசிக்காமலிருக்க வரம் வாங்கிய ஊர் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அந்தக் கணக்குல எங்க ஊரு இருக்குதா?"

ஏரியில் ஆண்கள் வலை போடுவார்கள். யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதற்குப் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. சீட்டுப் போட்டு, முறை வைத்து, நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் பங்கு பிரித்துக்கொள்வார்கள். சட்டப் புத்தகம் எழுதியவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய ஏற்பாடு.

இந்த ஏரிக்கரை ஊர்களில் ஏழைப் பெண்கள் பலருக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. கைதான் வலை! சேற்றுத் தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி. கை இரண்டும் வேலையாக இருப்பதால் அந்தப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். மணிக்கணக்கில் இப்படி! விரலில் இறால் முள் குத்திய காயம், உப்பு ஊறிய கால், வெயிலில் வெந்த முதுகு. நாம் மசாலா தடவி வறுக்கிற இறாலுக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

அப்படித் தடவிப் பிடிக்கிற ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "முன்னே மாதிரி இல்லம்மா. தண்ணி சுடுது. சில மாசம் வாயில வெச்சா கடலை விட உப்பாக் கரிக்குது. முகத்துவாரம் அடைச்சுக்கினா இறாலே வராது" என்றாள். அரசாங்க ஆராய்ச்சி பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தக் கணக்குல எங்க ஊரு இருக்குதா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

அரசாங்கம் என்ன ஆராய்ந்தது?

ஐக்கிய நாடுகள் சபையின் சீதோஷ்ண மாற்ற உடன்படிக்கையை இந்தியா 1993-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி, நம் நாட்டின் நிலைமை பற்றி அவ்வப்போது தேசிய அறிக்கை கொடுக்க வேண்டும். முதல் அறிக்கை 2004-ல், இரண்டாவது 2012-ல், மூன்றாவது 2023 டிசம்பரில் கொடுக்கப்பட்டன. இதற்கிடையே 2008-ல் பிரதமரின் தேசியச் செயல்திட்டம் எட்டு இயக்கங்களோடு வெளியானது.

2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 120-க்கு மேற்பட்ட ஆராய்ச்சி நிறுவனங்களை ஒரே வலையில் கோத்தது. அந்தக் குழு 2010 நவம்பரில் ஓர் அறிக்கை தந்தது. அதை 'நாலுக்கு நாலு' என்பார்கள். இமயமலை, மேற்குத் தொடர்ச்சி மலை, வடகிழக்கு, கடற்கரை என்று நான்கு பிரதேசங்கள். விவசாயம், தண்ணீர், காடு, மக்கள் ஆரோக்கியம் என்று நான்கு துறைகள். 2030-களில் இவை எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அந்த 2030-கள் இப்போது நம் வாசற்படிக்கு வந்துவிட்டன!

அதன் பிறகு 2020-ல் மத்திய புவி அறிவியல் அமைச்சகம் ஒரு பெரிய மதிப்பீட்டை வெளியிட்டது. பூனாவில் 1962-லிருந்து இயங்கி வரும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள்தான் அதில் முன்னின்றவர்கள். இந்தியப் பகுதிக்கென்றே நம்மவர்கள் தயாரித்த முதல் விரிவான மதிப்பீடு அது. அதிலுள்ள சில எண்களை மட்டும் பார்ப்போம்.

எண்களை வீட்டு அளவையில் பார்த்தால்...

1901 முதல் 2018 வரையிலான காலத்தில் இந்தியாவின் சராசரி உஷ்ணம் சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது. "பூ, இவ்வளவுதானா!" என்று தோன்றும். குழந்தைக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிற தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். 98.6 இருக்க வேண்டிய இடத்தில் 99.9 காட்டினால், அதுதான் 0.7 டிகிரி செல்சியஸ். குழந்தை சோர்ந்து மடியில் படுத்துவிடும் அல்லவா? கரியும் பெட்ரோலும் எரிப்பதை உலகம் குறைக்காமலே போனால், இந்த நூற்றாண்டின் கடைசியில் நம் நாட்டின் உஷ்ணம் 1976-2005 சராசரியை விட 4.4 டிகிரி வரை ஏறக்கூடும் என்கிறது அதே அறிக்கை. தெர்மாமீட்டர்க் கணக்கில் அது 106-ஐத் தாண்டிய ஜுரம்!

வெப்ப மண்டல இந்து மகாசமுத்திரத்தின் மேல்பரப்பு 1951-லிருந்து 2015-க்குள் சராசரியாக 1 டிகிரி சூடேறிவிட்டது. நிலத்தை விடக் கடல் மெதுவாகத்தான் சூடேறும் என்பது பொதுவான அனுபவம். அப்படியிருந்தும் இவ்வளவு.

அடுத்தது கடல் மட்டம். வட இந்து மகாசமுத்திரத்தில் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06-லிருந்து 1.75 மில்லிமீட்டர் வரை ஏறிக்கொண்டிருந்தது. 1993 முதல் 2017 வரை பார்த்தால் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர். வேகம் இரு மடங்கு ஆகியிருக்கிறது. அந்த 25 வருஷத்தில் மொத்தம் சுமார் 8 சென்டிமீட்டர். உங்கள் கையை நீட்டி நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடியுங்கள். அந்த அகலம்தான்.

நான்கு விரல் தண்ணீர் சென்னை மாடிவீட்டுக்குப் பெரிதல்ல. இடுப்பளவு ஆழமுள்ள ஏரிக்கு, மேடு பள்ளமே இல்லாத கரைக்கு, அது பெரிதுதான். சமையலறைத் தரையில் ஒரு குடம் தண்ணீர் சாய்ந்தால் எவ்வளவு தூரம் ஓடுகிறது? தரை சமமாக இருக்க இருக்க ஓட்டமும் அதிகம். புயலின்போது கடல் எழும்பி வரும் அலைக்கு இந்த நான்கு விரல் ஒரு பலகை போட்டுக் கொடுத்த மாதிரி.

புயலைப் பற்றியும் அந்த அறிக்கை சொல்கிறது. நம் கடல்களில் புயல்களின் மொத்த எண்ணிக்கை கூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சற்றுக் குறைந்தே இருக்கிறது. ஆனால் 2000-லிருந்து 2018 வரை, மழைக்காலத்துக்குப் பின் வரும் மிகக் கடுமையான புயல்கள் கூடியிருக்கின்றன. வர்தா 2016, மிக்ஜாம் 2023 என்று அந்த டிசம்பர் மாதங்களை வடசென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சங்கரா மீன் மாசம் மாற்றிக்கொண்ட கதை

இனி நம் சமையலறைக்கே வருவோம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று உண்டு. 1947-ல் தொடங்கிய நிறுவனம், நம் மண்டபத்தில் பல ஆண்டுகள் இருந்து பிறகு கொச்சிக்குப் போனது. சென்னையிலும் அதற்கு ஒரு கிளை இருக்கிறது. அங்கிருந்த விஞ்ஞானி ஈ.விவேகானந்தனும் அவருடைய சகாக்களும் செய்த ஆராய்ச்சியைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

சந்தையில் சங்கரா என்று வாங்குகிறோமே, இளஞ்சிவப்பாக, வறுக்கவும் குழம்புக்கும் ஏற்றதாக? அந்த வகை மீன்கள் சென்னைக் கடலில் எந்த மாதத்தில் சினை பிடிக்கின்றன என்று 1980-களிலிருந்து 2004 வரை சேர்ந்த பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, தண்ணீர் சூடாக இருக்கும் மாதங்களில் சினை மீன்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தன. அக்டோபரிலிருந்து மார்ச் வரை, தண்ணீர் குளிர்ந்திருக்கும் மாதங்களில் அவை கூடின. சூடு தாங்காமல் பிள்ளை பெறுகிற மாதத்தையே மீன் மாற்றிக்கொண்டது! வேனிற்காலப் பிரசவத்துக்கு அஞ்சுகிற தாய்மார்களுக்கு அதன் அவஸ்தை புரியும்.

கேரளத்துப் பெண்கள் உயிராக நினைக்கும் மத்தி மீனைப் பாருங்கள். நெய்ச்சாளை என்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது மலபார்க் கரையோடு நின்ற மீன். கடல் சூடேறச் சூடேற அது வடக்கே குஜராத் பக்கமும் கிழக்கே நம் தமிழ்நாட்டுப் பக்கமும் பரவியிருக்கிறது. அந்த ஊர்க்காரிக்கு நஷ்டம், நமக்கு லாபம் என்று சிரிக்க முடியாது. வந்த மீன் ஒரு நாள் போகவும் போகும்.

இன்னொன்றும் என் மனசில் ஓடியது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. மீன்கள் இனம் பெருக வேண்டும் என்பதே நோக்கம். பல வகை மீன்களை மனத்தில் வைத்து வகுத்த காலம் அது. சில மீன்கள் மாசத்தை மாற்றிக்கொண்டால் தடைக்காலத்தையும் மறுபடி யோசிக்க வேண்டாமா? இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் ஆராய்ச்சி பயன்பட வேண்டும்.

எல்லாப் பழியும் வெயிலுக்கா?

பசியாவரத்து அக்கா முகத்துவாரம் என்றாளே, அதைச் சற்று விளக்க வேண்டும். இறாலுக்குக் கடல் பிறந்த வீடு, ஏரி வளர்க்கிற வீடு. தாய் இறால் கடலில் முட்டையிடும். எறும்பளவுக் குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, அலையில்லாத தண்ணீரில் தின்று கொழுத்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். களிநண்டும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஏரியில் வாழும் தாய் நண்டு முட்டைகளைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போகும். இரண்டுக்கும் ஒரே வாசல். மணல் தூர்ந்து அந்த வாசல் அடைத்துக்கொண்டால், குஞ்சு உள்ளே வராது, தாய் வெளியே போகாது. கோடையில் ஏரித் தண்ணீர் வற்றி வற்றி உப்பு ஏறும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இந்த ஏரியில் அது 50-ஐத் தொட்ட காலங்களும் உண்டு. மழைக்காலத்தில் சில இடங்களில் உப்பே இல்லாமல் போவதும் உண்டு. இரண்டையும் தாங்குகிற ஜீவன்கள் கொஞ்சமே.

இதற்கெல்லாம் சீதோஷ்ண மாற்றம் ஒன்றுதான் காரணமா? இல்லை. நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஓயாமல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் ஒரு துறைமுகச் சுவர் எழுந்தால், தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரீனா அகன்றதும், ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் வீட்டுக்குள் வந்ததும் ஊரறிந்த கதை. பிற்பாடு எண்ணூரில் 2001-லும், அதன் பின் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன. ஆறுகளில் அணை கட்டி, வரும் நல்ல தண்ணீரும் குறைந்துவிட்டது. அதனால் வந்த வினையையும் வெயில் தலையில் கட்டிவிடக் கூடாது.

இதைப் பிரித்துப் பார்ப்பதற்கும் அரசாங்க ஆராய்ச்சி உதவியிருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1990-லிருந்து 2018 வரை செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்தியாவின் 6,632 கிலோமீட்டர் கரையை அது அளந்து பார்த்தது. மூன்றில் ஒரு பங்கு கரை அரித்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த அளவு நூற்றுக்குச் சுமார் 42. நாட்டில் நூற்றுக்கு 27 பங்கு கரை வளர்ந்தும் இருக்கிறது. எங்கே அரிப்பு, எங்கே சேர்ப்பு என்று தெரிந்தால்தான் எதனால் என்று கேட்க முடியும்.

பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. மீனவர்களே காசு போட்டு, கை சேர்த்து மணலைத் தோண்டிய காலம் உண்டு. தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 27 கோடி ரூபாயில் இரு பக்கமும் கல் சுவர் எழுப்பி, வாசலை நிரந்தரமாகத் திறந்து வைக்கிற வேலையை இந்தப் பத்தாண்டில் எடுத்துக்கொண்டது. அந்தச் சுவரின் வடக்கே கரை எப்படி நடந்துகொள்கிறது என்று வருஷா வருஷம் அளந்து வர வேண்டும். ஒரு வீட்டின் கதவைத் திறக்கப் போய் அடுத்த வீட்டின் சுவர் விழக் கூடாது அல்லவா?

ஆரோக்கியப் பக்கம்

சகோதரிகளே, உஷ்ணம் முதலில் தொடுவது கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வயசானவர்களையும்தான். அதனால்தான் மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் சீதோஷ்ண மாற்றமும் மக்கள் ஆரோக்கியமும் பற்றித் தனியாக ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது.

கடலோரத்தில் இன்னொரு கவலையும் உண்டு. கடல் ஏறினால் கிணற்றிலும் உப்பு ஏறும். வங்காள தேசத்தில் டாகோப் என்ற கடலோரப் பகுதியில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். அந்த முடிவுகள் 2011-ல் வெளியாயின. குடிதண்ணீரில் உப்பு மிகுந்த இடங்களில், மழையில்லா மாதங்களில், கர்ப்பிணிகளுக்கு ரத்தக் கொதிப்பு அதிகம் காணப்பட்டது. நம் ஊரிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிற ஊரில் இருக்கும் கர்ப்பிணி அதை ஆரோக்கிய நிலையத்தில் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெயிலில் வேலை செய்து வந்தவருக்குத் தலைசுற்றல், குமட்டல், கால் கெண்டைப் பிடிப்பு வந்தால் நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 6 தேக்கரண்டி தலை தட்டி, உப்பு அரைத் தேக்கரண்டி கலந்து மெல்ல மெல்லக் குடிக்கக் கொடுங்கள். தோல் கொதித்து, நினைவு தடுமாறினால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்விக்குப் பதில்

"அந்தக் கணக்குல எங்க ஊரு இருக்குதா?" என்றாளே அந்த அக்கா, உண்மையைச் சொன்னால், இன்னும் முழுசாக இல்லை. கம்ப்யூட்டரில் நாட்டின் எதிர்காலத்தைக் கணிக்கும்போது விஞ்ஞானிகள் தேசத்தைக் கோலம் போடுகிற மாதிரி கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். 2020 அறிக்கைக்குப் பயன்பட்ட கணிப்புகளில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 50 கிலோமீட்டர். பழவேற்காடு ஏரி முழுவதுமே ஒன்றிரண்டு கட்டத்தில் அடங்கிவிடும். பசியாவரம் அதில் ஒரு புள்ளிகூட அல்ல!

இது விஞ்ஞானிகளின் குற்றமல்ல. நாடு முழுவதையும் பார்க்க உயரத்தில்தான் ஏற வேண்டும். ஆனால் உயரத்திலிருந்து பார்த்ததைக் கீழே இருந்து பார்த்ததோடு சேர்த்தால்தான் படம் முழுமையாகும். இந்த மாதம் தண்ணீர் சுட்டது, போன வருஷம் இந்தத் தேதியில் முகத்துவாரம் அடைத்தது, அமாவாசைக்கு ஓதம் எந்தப் படிக்கட்டு வரை வந்தது, இறால் எத்தனை கிலோ கிடைத்தது, கிணறு எப்போது கரித்தது என்பவை அந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. பால் கணக்கு எழுதுகிற நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்கினால் போதும். பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளை எழுதிக் கொடுப்பாள். பத்து வருஷம் தொடர்ந்து எழுதிய அந்த நோட்டு எந்த ஆராய்ச்சிக்கும் தங்கம்.

அதைக் கொண்டுபோய் வைக்கவும் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-லிருந்து மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்சியர் பொறுப்பில் காலநிலை மாற்ற இயக்கம் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்தச் சபையில் எழுந்து, "எங்கள் ஏரி பற்றி என்ன ஆராய்ச்சி நடந்தது? முடிவு என்ன? தமிழில் எழுதி இங்கே ஒட்டுங்கள்" என்று ஒரு பெண் கேட்டால் தப்பா? 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது.

ஏரியிலிருந்து தொலைவில் இருக்கும் நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. முட்டை சுமந்த நண்டையும் விரலளவு மீன் குஞ்சுகளையும் வாங்க மாட்டேன் என்று சொல்லலாம். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காமல், அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் மத்தி, மடவை, கிழங்கான் வாங்கலாம். சத்தில் அவை ஒன்றும் குறைந்தவை அல்ல. பழவேற்காட்டு முஸ்லிம் சகோதரிகள் பின்னும் பனையோலைக் கூடைகள் அழகும் உழைப்பும் கொண்டவை. பிளாஸ்டிக் பைக்குப் பதில் அவற்றில் ஒன்று வாங்கினால், ஏரி வற்றிய மாதத்திலும் ஒரு வீட்டில் உலை கொதிக்கும்.

வீட்டு வரவு செலவில் ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூங்காமல் கண்டுபிடிக்கிறவர்கள் நாம். நாட்டின் கணக்கில் ஓர் ஏரியும் அதைச் சுற்றிய ஊர்களும் விட்டுப்போகக் கூடாது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது நாம், பதில் கேட்க வேண்டியவர்களும் நாமே. அடுத்த கிராம சபைத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொல்லுங்கள்.